நிகர எடை

செம்பனை ஆலை வாசலில் எடைப்பாலம்.
லோரி ஏறும். என் கண்ணாடிக் கூண்டுக்குள்
சிவப்பு எண்கள் ஓடி, தயங்கி, நிற்கும்.
பழத்தோடு ஒரு தடவை,
கொட்டிவிட்டு வந்து ஒரு தடவை.
பெரியதில் சின்னதைக் கழித்தால் மிச்சம் பழம்.
பத்தொன்பது வருடமாக
கழித்தல் கணக்குதான் எனக்குச் சோறு போடுகிறது.

உள்ளே வரும்போது சடையப்பன் அண்ணன்
ஓட்டுநர் இருக்கையில் ராஜாவாட்டம் உட்கார்ந்திருப்பார்.
வெறும் லோரியோடு திரும்பும்போது மட்டும்
அவருக்குச் சிறுநீர் முட்டும்,
போன் வரும்,
எதிர்க்கடையில் தே ஓ ஆறிக்கொண்டிருக்கும்.
இறங்கிவிடுவார்.
லோரி எண்பது கிலோ இளைக்கும்.
டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்,
தன் உடம்பைத் தினமும் பழமாக விற்றார்.
இத்தனை தடவை எண்ணெய்க்குப் போயும்
ஆள் மெலிந்தபாடில்லை.

மழையில்லாத நாளிலும் நனைந்த குலை வரும்.
அடியில் மண் வரும்.
ஒருமுறை ஒரு ஸ்பேர் டயர்,
தட்டினால் குடம் மாதிரிச் சத்தம்.
"காத்துக்குப் பதிலா தண்ணி அடிச்சிட்டான்க்கா,
கடைக்காரன் புதுசு" என்றான் அந்தப் பையன்.
வருடத்துக்கு ஒரு தடவை
ஈப்போவிலிருந்து இரும்புக் கட்டிகளோடு வந்து
பாலத்தைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுவார் என்சிக் ரோஸ்லான்.
பாலம் பொய் சொல்லவில்லை என்று அதற்குப் பொருள்.
மேலே ஏறுகிறவர்களுக்கு ஒட்ட
அவரிடம் ஸ்டிக்கர் இல்லை.

நான் மட்டும் என்ன.
சனிக்கிழமை மீன் வேனில் ஆ ஹோக் நிறுக்கும்போது
அவன் கட்டைவிரலும் தட்டில் படுத்திருக்கும்.
கெம்போங் மீன் விலையில் விரலுக்கும் காசு கொடுப்பேன்.
அவன் ஐஸ் பெட்டிப் பக்கம் திரும்பியதும்
நாலு பச்சை மிளகாய் என் பைக்குள் போகும்.
பதினோரு வருடமாயிற்று. அவனுக்கும் தெரியும்.
நேர்மையாகப் பழகிய யாரோடும்
எனக்கு இவ்வளவு நாள் ஒத்துப்போனதில்லை.

இந்தப் பாலம் இருபது இருபதாகத்தான் எண்ணும்.
அதற்குக் கீழே எதுவும் அதன் கண்ணில் படாது.
நடுவில் பூனை படுத்திருக்கும்: பூஜ்யம்.
சம்பள நாளில் தொலைந்த பணப்பையை
ஒருவன் அழுதுகொண்டே தேடினான்: அவனுக்கு அறுபது,
அழுகைக்கு ஒன்றுமில்லை.
இரவுப் பணியில் யாருமில்லாதபோது நானும் ஏறிப் பார்ப்பேன்.
கல்யாணமான வருடம் அறுபது.
அவர் சிங்கப்பூருக்குப் போய்
போனை எடுக்காமல் விட்ட மாதமும்
அதே அறுபது.

போன மாதம் ஒரு செவ்வாய்,
வெறும் லோரி பாலத்தில் நின்றது.
சடையப்பன் அண்ணன் இறங்கவில்லை.
"தே ஓ ஆறிடும்ணே" என்றேன்.
சிரித்தார். இறங்கவில்லை.
புதனும் அப்படியே. வியாழனும்.
சர்க்கரை. இடது காலில் இரண்டு விரல் எடுத்துவிட்டார்களாம்.
ஏறுவதற்கே வீட்டில் மகன் தூக்கிவிடுகிறானாம்.
பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக
அவர் கணக்கு சுத்தமாக இருந்தது.
பார்க்கச் சகிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, பழத்தோடு அவர் ஏறியபோது
காவலாளி தில் பகதூரைக் கூப்பிட்டேன்.
"பின் டயரைக் கொஞ்சம் பார்.
இல்லை, கீழே இருந்து இல்லை.
பாலத்து மேல ஏறி நின்னு பார்.
நான் சொல்ற வரைக்கும் பார்."
அவனும் ரொம்ப நேரம் டயரைப் பார்த்தான்,
நேப்பாளத்தில் இல்லாத டயர் மாதிரி.
எண்கள் ஓடி, தயங்கி, நின்றன.
சீட்டை அடித்தேன்.

ஒல்லிப் பையன். அறுபதுதான் தேறினான்.
மீதி இருபது கிலோ
நேர்மையாகவே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.